வரைபடப் புதிரை அடுக்கத் தெரிந்த குழந்தைக்கு வரைபடம் தெரியுமா?

கேள்வி: கொங்குநாட்டான்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோவையில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். பிறந்தநாள் பரிசாக அவனுக்கு மரத்தாலான இந்திய வரைபடப் புதிர் ஒன்று வந்தது. கடையில் 'மேப் பசில்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதேதான். மாநிலத்துக்கு ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டும் உட்கார்வதற்குப் பலகையில் ஒரு பள்ளம். தொடக்கத்தில் நான் பக்கத்தில் இருந்து உதவினேன். இப்போது யார் துணையும் இல்லாமல் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லாத் துண்டுகளையும் அதனதன் இடத்தில் வைத்துவிடுகிறான். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால், சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அச்சாகியுள்ள இந்திய வரைபடத்தைக் காட்டி, குஜராத் எங்கே என்று கேட்டபோது அவனால் காட்ட முடியவில்லை. புதிரில் அவன் முதலில் கையில் எடுப்பதே குஜராத்தைத்தான். 'வாயைத் திறந்த துண்டு' என்று அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறான். அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. பாலக்காட்டுக்கு ரயிலில் போனபோது வாளையாறு தாண்டியதும், "கேரளா வந்துவிட்டது" என்று சொன்னேன். வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம பசில்ல இருக்கிற கேரளாவா, இது வேற கேரளாவா?" என்று கேட்டான்.

இப்படிப்பட்ட புதிர்களால் சிறு குழந்தைகள் உண்மையில் புவியியல் கற்கிறார்களா, அல்லது துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டாக மட்டுமே அது நின்றுவிடுகிறதா? அடுத்ததாகத் தமிழ்நாட்டு மாவட்டங்களின் புதிரை வாங்குவதா, உலக வரைபடத்தை வாங்குவதா என்றும் தெரியவில்லை. பள்ளியிலோ வீட்டிலோ பழக்கம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

பதில்: மழலைப்பள்ளி ஆசிரியை

வணக்கம் ஐயா. மாண்டிசோரி முறையில் நடக்கும் ஒரு பள்ளியில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். தங்கள் மகன் நாட்காட்டியில் குஜராத்தைக் காட்டாததில் வியப்படைய ஒன்றுமில்லை. புதிரின் முன் உட்காரும்போது குழந்தை பார்ப்பது துண்டின் வடிவத்தையும் பள்ளத்தின் வடிவத்தையும்தான். இரண்டும் பொருந்திவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்த வேலைக்குக் குஜராத்தே தேவையில்லை. யானை, லாரி, வாழைப்பழம் என்று எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அதே வேலை நடக்கும். கண்ணுக்கும் கைக்கும் அது நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் துண்டு ஒரு நிலப்பகுதியைக் குறிக்கிறது என்ற செய்தி மரத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதை வேறு வழியில்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் முறையில் புதிருக்கு முன்னால் உலக உருண்டை வருகிறது. முதல் உருண்டையில் நாடுகளும் இருக்காது, பெயர்களும் இருக்காது. நிலம் உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். கடல் நீல நிறத்தில் வழவழப்பாக இருக்கும். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே "இது நிலம், இது தண்ணீர்" என்று சொல்லிவிடும். அடுத்த உருண்டையில் கண்டத்துக்கு ஒரு வண்ணம்: ஆசியா மஞ்சள், ஆப்பிரிக்கா பச்சை, ஐரோப்பா சிவப்பு என்று போகும். மூன்றாவதாக வருவதுதான் உலக வரைபடப் புதிர். பூமியின் இரு பாதிகளும் இரு வட்டங்களாக அமைந்த அந்தப் பலகையில் கண்டங்கள் அதே வண்ணங்களில் இருக்கும். வண்ணம் மாறாமல் தொடர்வதால், உருண்டையில் தொட்ட பச்சை ஆப்பிரிக்காதான் பலகையிலும் தட்டையாகப் படுத்திருக்கிறது என்பதை யாரும் விளக்காமலே குழந்தை பிடித்துக்கொள்கிறது. தங்கள் வீட்டில் இந்தத் தொடர்ச்சிதான் அறுந்திருக்கிறது. புதிரில் ஒரு வண்ணம், நாட்காட்டியில் இன்னொரு வண்ணம், அளவும் வேறு. எனவே இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று எண்ணுவதற்கு அவனுக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

இருக்கும் புதிரைக் கொண்டே இதைச் சரிசெய்யலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு துண்டை எடுத்துத் தாளின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். பிறகு அவனே வண்ணம் தீட்டட்டும். மரத்துண்டு தாளில் கோடாக மாறுவதைத் தன் கையாலேயே செய்து பார்க்கும் குழந்தைக்கு, அச்சிட்ட வரைபடம் அந்நியமாகத் தோன்றாது. பக்கத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி ஒட்டி வரைந்துகொண்டே போனால், சில வாரங்களில் அவன் வரைந்த இந்தியா சுவரில் தொங்கும். துண்டில் குமிழ்ப்பிடி இருந்தால் இன்னும் நல்லது. மூன்று விரலால் அதைப் பிடித்துப் பழகிய கை பென்சிலையும் அப்படியே பிடிக்கும்.

இன்னொரு பயிற்சியும் எளிதானது. ஒரு தாம்பாளத்தில் களிமண்ணைப் பரப்பி, நடுவில் குழி செய்து நீர் ஊற்றினால் ஏரி. அதே களிமண்ணை நடுவில் குவித்துச் சுற்றிலும் நீர் ஊற்றினால் தீவு. தீபகற்பத்துக்கு வளைகுடாவும் நிலசந்திக்கு (இரு நிலங்களை இணைக்கும் ஒடுங்கிய நிலம்) நீரிணையும் (இரு கடல்களை இணைக்கும் ஒடுங்கிய நீர்) இப்படியே இணைகளாக வரும். 'வாயைத் திறந்த துண்டு' என்று பெயர் வைத்தவன் வளைகுடாவை ஏற்கெனவே பார்த்துவிட்டான். கட்ச் வளைகுடா மேலே, காம்பே வளைகுடா கீழே. இந்தப் பெயர்களை மட்டும் கொடுத்தால் போதும்.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவரும் எங்கள் முறையை உருவாக்கியவருமான மரியா மாண்டிசோரி அம்மையார், முழுமையை முதலில் காட்டிவிட்டுப் பகுதிகளுக்கு வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். ஆகையால் அடுத்து வாங்குவது ஒரு நல்ல உலக உருண்டையாகவும், அதன் பிறகு கண்டங்களின் புதிராகவும் இருக்கட்டும். மாவட்டங்கள் காத்திருக்கலாம்.

பதில்: ஊராட்சிப் பள்ளி ஆசிரியர்

ஆசிரியை அம்மையார் கூறியவற்றில் வரையச் சொல்வதையும் களிமண் பயிற்சியையும் முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் உருண்டையில் தொடங்கி ஊருக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளில் நான் கண்டவரை, ஐந்து வயதுக் குழந்தைக்கு உருண்டை என்பது சுழற்றி விளையாடும் பந்துதான். ஆப்பிரிக்காவில் அதற்கு யாரையும் தெரியாது. அத்தை வீடு கரூரில் இருக்கிறது, பாட்டி வீடு பழனிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேருந்தில் போனால் வாந்தி வரும் என்பது தெரியும். தெரிந்த அந்த இடங்களிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டு நாம் ஏன் அண்டார்டிகாவுக்குப் போக வேண்டும்?

வரைபடம் என்பது மேலிருந்து பார்த்தால் தெரியும் காட்சி என்ற ஒன்றுதான் சிறு குழந்தைகளுக்கு உண்மையிலேயே கடினமானது. அதைப் பழக்குவதற்கு நான் செய்வது இதுதான்: வகுப்பறைத் தரையில் சாக்பீசால் ஒரு பெரிய கட்டம் போட்டு, அதுதான் நம் வகுப்பறை என்று சொல்லி, பெஞ்சுகளுக்குத் தீப்பெட்டிகளையும் ஆசிரியர் மேசைக்கு ஒரு சோப்புப் பெட்டியையும் வைக்கச் சொல்வேன். கதவு எந்தப் பக்கம், சன்னல் எந்தப் பக்கம் என்ற சண்டை முடிந்த பிறகு, ஒரு குழந்தை உட்காரும் இடத்தில் புளியங்கொட்டையை வைத்து, "இது யார்?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு வகுப்பே பதில் சொல்லும் நாளில்தான் மாவட்டப் புதிரை வெளியே எடுப்பேன்.

அந்தப் புதிரை நாங்கள் வாங்கவில்லை. சுவரில் தொங்கும் தமிழ்நாட்டு வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுத்து, அதைத் தடித்த அட்டையில் ஒட்டி, மாவட்ட எல்லைகளில் வெட்டிக்கொண்டோம். கல்யாணப் பத்திரிகை அட்டைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. துண்டுகளின் பெயரைக் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டைக் கேட்பது பயனுள்ளது. கரூரையும் தஞ்சாவூரையும் மட்டும் வைத்துவிட்டு நடுவில் யார் என்று கேட்டால், திருச்சியை எடுத்து வைக்கிற குழந்தை வடிவத்தை மட்டும் பார்க்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது காவிரி விளையாட்டு. புதிர் முழுவதையும் அடுக்கிய பிறகு ஒரு நீலக் கம்பளி நூலைக் கொடுத்து, தருமபுரியில் ஒகேனக்கல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். நூல் சேலம் மாவட்டத்தில் மேட்டூரைத் தொட்டு, ஈரோட்டுக்கு வந்தவுடன் பிள்ளைகள் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: ஈரோட்டுத் துண்டுக்கும் நாமக்கல் துண்டுக்கும் நடுவே வளைந்து போகும் விளிம்பின் மேலேயே நூல் படிந்துகொள்ளும். அந்த விளிம்பை வெட்டியது நம் கத்தரிக்கோல் அன்று, ஆறுதான் என்று அப்போது சொல்லலாம். ஈரோட்டிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம் போன ஒரு குழந்தையாவது வகுப்பில் இருக்கும், மற்றதை அது சொல்லிவிடும். பிறகு கரூர், திருச்சி, தஞ்சாவூர், கடைசியில் மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார். மாநில எல்லைகளிலும் மாவட்ட எல்லைகளிலும் எது ஆறு, எது மலை, எது அலுவலகத்தில் போட்ட கோடு என்று பின்னாளில் கேட்கப் பழகுவதற்கு இந்த ஒரு நூல் போதும்.

புதிரை எந்தப் பக்கம் பார்த்து விரிக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தால், வடக்கு என்பது வானத்தின் பக்கம் என்றே பல குழந்தைகள் நினைத்துவிடுகின்றன. காலை வெயில் வரும் பக்கம் வங்கக்கடல் விளிம்பு இருக்கும்படி தரையில் விரித்தால் அந்தக் குழப்பம் எழாது. கடற்கரையுள்ள மாவட்டங்கள் பதினான்கையும் தனியாக எடுத்து, திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு சரமாக அடுக்கச் சொல்வதும் நல்ல விளையாட்டு. வழக்கமான படப் புதிரில் ஓரத் துண்டு நேர்க்கோடாக இருக்கும். இங்கே ஓரம் என்பது கடலாக இருக்கும், அல்லது வேறு மாநிலமாக இருக்கும். மேற்கு ஓரத்தின் பெரும்பகுதி மலை. தங்களுக்குக் கோவைதான் ஊர் என்பதால் அந்த மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறக்கும் இடத்தை மகனே விரலால் தொட்டுக் காட்டலாம். ரயில் போன வழி அதுதானே.

பதில்: நிலப்படப் பித்தன்

ஆசிரியர்கள் இருவரும் கற்பிக்கும் முறையைச் சொல்லிவிட்டார்கள். நான் கடையில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

எல்லைகளில் வெட்டிய புதிரும் எல்லையைப் பொருட்படுத்தாமல் வெட்டிய புதிரும் முற்றிலும் வேறு பொருள்கள். 1760-களில் லண்டனில் செப்புத்தகட்டு வரைபடங்கள் செதுக்கி வந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளில் அறுத்து விற்றார். புவியியல் கற்பிக்கத்தான் அதை உருவாக்கினார். இன்று நாம் ஜிக்சா என்று சொல்லும் விளையாட்டுக்கு மூதாதை அதுவே. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளை வளர்த்துக் கற்பிக்கும் பொறுப்பில் இருந்த லேடி ஷார்லட் ஃபின்ச்சும் இத்தகைய புதிர்களை வைத்தே அவர்களுக்குப் பாடம் நடத்தினார். கொக்கி கொக்கியாகக் கோத்துக்கொள்ளும் துண்டுகள் பிற்காலத்தில் பரவியவை. இன்று மலிவாகக் கிடைக்கும் அட்டைப் புதிர்கள் பலவற்றில் அந்தக் கொக்கி வெட்டுதான் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாதியும் மகாராட்டிரத்தின் கால்வாசியும் ஒரே துண்டில் வரும். அதில் குழந்தை பொருத்துவது எழுத்தின் இரு பாதிகளையே. அது பொழுதுபோக்குக்கு ஏற்றது, மற்றபடி இந்தத் தேவைக்கு உதவாது.

அடுத்து, புதிர் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். உறையில் அச்சிட்ட ஆண்டை நம்ப வேண்டாம். பழைய அச்சையே புதிய உறையில் போட்டு விற்கிறார்கள். இந்தியப் புதிர் என்றால் தெலங்கானா தனித் துண்டாக இருக்க வேண்டும் (2014), லடாக்கும் தனித் துண்டாக இருக்க வேண்டும் (2019). இன்று மாநிலங்கள் 28, ஒன்றியப் பிரதேசங்கள் 8. வெளிநாட்டிலிருந்து வரும் உலகப் புதிர்களில் இந்தியாவின் வடக்கு எல்லை இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போவதில்லை. பிள்ளை பள்ளியில் பார்ப்பது வேறாக இருக்கும் என்பதால் அதையும் கவனித்து வாங்குங்கள். தமிழ்நாட்டுப் புதிரில் 38 துண்டுகள் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் இன்னும் 32 மாவட்டங்களைக் காட்டுபவை உண்டு. ஆறு துண்டுதானே குறைகிறது என்று எடுத்துவிட வேண்டாம். செங்கல்பட்டு பிரிந்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. பழைய புதிரில் அது கடலோரம் இருக்கும். ஆசிரியர் சொன்ன காவிரி நூலும் பழைய புதிரில் நாகப்பட்டினத்தில்தான் போய் முடியும், ஏனென்றால் மயிலாடுதுறை 2020-இல்தான் தனி மாவட்டமானது. மலிவு விலைக்குப் பழைய புதிர் கிடைத்தால் புதியதோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பழைய வேலூர்த் துண்டின் மேல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றையும் வைத்துப் பார்த்தால், எல்லைகள் மனிதர் போட்டவை என்பது ஏழு வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

பெயர் துண்டின் முகத்தில் அச்சிடப்பட்டிருந்தால் வாசிக்கத் தெரிந்த குழந்தை எழுத்தைப் பார்க்கும், வடிவத்தைப் பார்க்காது. பெயர் பலகையின் பள்ளத்திலோ துண்டின் பின்புறத்திலோ இருப்பது நல்லது.

உலகப் புதிரைப் பொறுத்தவரை ஆசிரியை சொன்ன இரு வட்ட அமைப்பை நானும் பரிந்துரைக்கிறேன். கடைகளில் அதிகம் கிடைக்கும் செவ்வகப் புதிர்கள் பல மெர்கேட்டர் முறையில் வரைந்த வரைபடத்தை ஒட்டியவை. அதில் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் பெருத்துக்கொண்டே போகும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. அந்தப் புதிரிலோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுத் துண்டுகள். அச்சிட்ட படத்தில் இது கண்ணை மட்டும் ஏமாற்றும். மரத்துண்டிலோ கையும் சேர்ந்து ஏமாறுகிறது. அப்படிப்பட்ட புதிர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், உலக உருண்டையின் கிரீன்லாந்தைத் தாளில் பிரதி எடுத்து வெட்டி, அதே உருண்டையின் ஆப்பிரிக்கா மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உருண்டையா ஊரா என்ற விவாதத்தில் நான் ஊராட்சிப் பள்ளி ஆசிரியர் பக்கம் சற்றே சாய்கிறேன். ஆனால் ஒரு திருத்தம்: ஐந்து வயதில் 'மாவட்டம்' என்பதும் அருகில் உள்ள பொருள் அன்று. மாவட்டத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அத்தை வீடு அருகில் உள்ளது, ஆறு அருகில் உள்ளது. ஆசிரியரின் வகுப்பில் வேலை செய்வது துண்டுகளைவிட அந்த நூலும் பேருந்துப் பயணமும்தான் என்று நினைக்கிறேன்.

கொங்குநாட்டான்

மூவருக்கும் நன்றி. வகுப்பறைக்குப் பதிலாக எங்கள் கூடத்தைத் தரையில் வரைந்து தொடங்கினோம். சோபாவும் தொலைக்காட்சியும் உடனே இடம்பிடித்துவிட்டன. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நின்ற வாக்கில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் அதன் கதவு தெரியாதாம். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. துண்டுகளைச் சுற்றி வரைவதும் நடக்கிறது. கேரளா, தமிழ்நாடு, கர்நாடகம் வரை வந்திருக்கிறோம்.

அதில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. எங்கள் புதிரில் புதுச்சேரிக்குத் துண்டு இல்லை. தமிழ்நாட்டுத் துண்டின் ஓரத்தில் சிவப்புப் புள்ளியாகப் போட்டிருக்கிறார்கள். கேரளத் துண்டிலும் அதே சிவப்பில் ஒரு புள்ளி, ஆந்திரத் துண்டிலும் ஒன்று. ஒரே இடம் எப்படி இத்தனை இடத்தில் இருக்க முடியும் என்று கேட்கிறான். அவன் வயதுக்கு எவ்வளவு சொல்வது?

பதில்: ஊராட்சிப் பள்ளி ஆசிரியர்

குளிர்சாதனப் பெட்டி வழக்கு நல்ல வழக்கு. அவனைத் தூக்கி நாற்காலி மேல் நிறுத்தி, அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியைத் தாங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்கு முழு வரலாறும் வேண்டியதில்லை. கப்பலில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் கடலை ஒட்டி நான்கு ஊர்களை வைத்திருந்தார்கள், 1954-இல் அவற்றை விட்டுப் போனார்கள், நான்கையும் நாம் இன்றும் ஒரே பெயரில் வைத்திருக்கிறோம் என்ற அளவு போதும். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கடற்கரையில், மாகி கேரளக் கடற்கரையில், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரி கடலில் சேரும் இடத்துக்கு அருகில். தாங்கள் வரைந்த தாளில் நான்கு இடத்திலும் ஒரே நிறப் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். இப்போதுதான் கேரளா வரை வந்திருக்கிறீர்கள் என்பதால் மாகிக்கு இடம் தயாராக இருக்கிறது. ஏனாமுக்கு ஆந்திரத் துண்டை வரைந்து முடிக்கும்வரை அவன் பொறுத்திருக்க வேண்டும்.